முயலுக்குப் புழு வைக்காமல் காக்க: வீட்டுக்குள்ளா, வலைக்கூண்டா, மருந்தா?

ஆகஸ்ட் கடைசியில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் பெர்க் காற்று, அதாவது மேட்டுநிலத்திலிருந்து கடலோரத்துக்கு இறங்கும் வெக்கைக் காற்று, அடிக்கத் தொடங்கியதும் முயல் வளர்ப்பவர்களின் கேள்வி மாறிவிடுகிறது. ஈ முயலின் மயிரில் முட்டையிட்டு, அதிலிருந்து பொரியும் புழு முயலையே தின்னும் "புழு வைக்கும்" காலம் நெருங்குவதுதான் காரணம். குளிர்காலம் முழுக்க "என்ன தீனி கொடுக்கலாம்?" என்று கேட்டவர்கள், "எங்கே வைக்கலாம்?" என்று கேட்கத் தொடங்குகிறார்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு வீட்டில் மகள் முயலை உள்ளே கொண்டுவர வேண்டும் என்கிறாள். அம்மாவோ, "பூஜையறை இருக்கிற வீட்டில் மூத்திர நாற்றம் ஆகாது" என்று ஒரே பிடியாக நிற்கிறார். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் ஒரு தம்பிக்கு, கையில் உள்ள பணத்துக்கு வலை வாங்குவதா, மருந்து வாங்குவதா என்ற குழப்பம். பேரனுக்காக முயல் வாங்கிய, ஜோஹன்னஸ்பர்க்கை ஒட்டிய லெனேஷியாவின் தாத்தா ஒருவர், "ஜோஹன்னஸ்பர்க்கில் இந்தத் தொல்லையே கிடையாதாமே, உண்மையா?" என்று கேட்கிறார்.

மூவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. அவரவர் முயலின் உடம்பு எப்படி, பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள், கடலோரமா மேட்டுநிலமா என்பதைப் பொறுத்துத் தேர்வு மாறும். ஆனால் மூவரும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். முயலின் பின்புறத்தை விட்டுவிட்டு ஈயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

எந்த ஈ, எத்தனை மணி நேரம்

பளபளவென்று பச்சையாக மின்னும் ஈதான் முதல் குற்றவாளி. லூசிலியா என்பது அதன் இனப்பெயர். மேய்ச்சல் ஆடுகளுக்குப் புழு வைப்பதும் இதே ஈதான். கிரைசோமியா இனத்து நீலப் பச்சை ஈக்களும் இந்நாட்டில் உண்டு. முயலின் ஆசனவாயைச் சுற்றிய மயிரில் மூத்திர ஈரமோ ஒட்டிய மலமோ இருந்தால், அந்த வாடைக்கு இறங்கி வந்து முட்டையிடும். ஒரு பெண் ஈ ஒரே தடவையில் 200 முட்டை வரை இடக்கூடும்.

நேரக் கணக்குதான் முக்கியம். வெயில் காலத்தில் அந்த முட்டைகள் 24 மணி நேரத்துக்குள் பொரிந்துவிடும். நல்ல வெக்கையில் 12 மணி நேரமே போதும். பொரிந்த புழுக்கள் சுரக்கும் திரவம் தோலைக் கரைக்கும். கரைந்ததை அவை உறிஞ்சும். அங்கிருந்து உள்ளே இறங்கும். நச்சு ரத்தத்தில் கலந்து முயல் அதிர்ச்சி நிலைக்குப் போய்விடும். முட்டை வைத்த ஓரிரு நாளில் முயல் செத்துப்போவது அபூர்வமல்ல. முயல் வலியை வெளிக்காட்டாத பிராணி. மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும், தீனியைத் தொடாது; "வெயிலுக்குச் சோர்ந்து கிடக்கிறது" என்று நாமும் விட்டுவிடுவோம்.

டர்பன் இருக்கும் குவாசுலு-நாட்டால் மாகாணக் கடற்கரையில் இன்னொரு ஈயும் உண்டு: புட்ஸி ஈ. ஈரத் துணியைக் கொடியில் காயவைத்தால் இருபுறமும் இஸ்திரி போடாமல் குழந்தைக்குப் போடாதே என்று நம் வீட்டு ஆயாமார் அதட்டுவது இதனால்தான். இது மலமூத்திர வாடையுள்ள மணலிலும் ஈரத் துணியிலும் முட்டையிடும். அங்கே பொரிந்த புழு, மேலே படுக்கும் பிராணியின் தோலைத் துளைத்து உள்ளே போகும். நடுவில் துளையுள்ள கட்டிபோல் வீங்கும். இதற்கு முயலின் மயிர் அழுக்காக இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. ஆகவே கடலோரத்தில் இருப்பவர்கள் கூண்டைத் தரையிலிருந்து உயர்த்தி வைப்பதும், முயலுக்கு விரிக்கும் பழைய துண்டுகளுக்கு இஸ்திரி போடுவதும் வீண் வேலை இல்லை.

எதை வைத்து எடைபோடுவது

நான் ஐந்து கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன். அந்த வழி முயலின் பின்புறத்தை உலர்வாக வைக்க உதவுகிறதா? தினம் இருமுறை முயலைக் கையில் எடுத்துப் பார்க்க வசதி தருகிறதா? வெப்பத்தைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா? ஒரு நாள் தவறினால் என்ன ஆகும்? முதலில் கொடுக்கும் காசு போக, பின்னால் ஒளிந்திருக்கும் செலவு என்ன?

இவற்றில் இரண்டாவது கேள்விக்கே மற்ற எல்லாவற்றையும்விட எடை அதிகம். மிகச் சிறந்த கூண்டில் யாரும் எட்டிப்பார்க்காமல் கிடக்கும் முயலைவிட, சுமாரான கூண்டில் தினமும் மடியில் ஏறும் முயல் பத்திரமாக இருக்கும். வெப்பத்தையும் மறக்கக் கூடாது. 28 டிகிரியைத் தாண்டினாலே முயல் திணறத் தொடங்கும். டர்பனில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களின் சராசரிப் பகல் வெப்பமே ஏறக்குறைய அவ்வளவு, போதாததற்குப் புழுக்கமும் சேரும். ஈயைத் தடுக்கிறேன் என்று காற்றை அடைத்தால் முயல் வெப்பத்தால் சாகும்.

எந்த வழியில் போனாலும் விலக்கில்லாத வேலை

மாலையில், வெளிச்சம் இருக்கும்போதே, முயலை மடியில் வைத்து வாலைத் தூக்கிப் பாருங்கள். ஆசனவாயின் இருபக்கமும் உள்ள மடிப்பு, தொடை உள்பக்கம், வாலின் அடி, அடிவயிறு. முதுகில் அல்லது காலில் காயம் இருந்தால் அதுவும். மயிரை எதிர்த்திசையில் ஊதியோ விரலால் விலக்கியோ தோல் தெரியும்வரை பார்க்க வேண்டும். முட்டைகள் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளம். பழுப்பேறிய ரவை கொட்டி ஒட்டிக்கொண்டது போலக் கொத்தாக, மயிரின் வேரோரமாக இருக்கும். வாரினாலும் எளிதில் வராது. அந்த மயிரோடு கத்தரித்து எடுப்பதுதான் வழி. முயலின் தோல் காகிதம் மாதிரி மெலிசு. கத்தரிக்கோலின் முனையைத் தோலுக்கு இணையாகப் பிடிக்க வேண்டும். கை நடுங்குபவர்கள் மருத்துவரிடம் விட்டுவிடலாம்.

ஏன் மாலை? இந்த ஈக்கள் பகலில்தான் முட்டையிடும். காலை 9 மணிக்கு வைத்த முட்டை இரவில் பொரியும். மாலை 6 மணிக்குப் பார்த்தால் முட்டையாகவே அகப்படும். காலையில் மட்டும் பார்ப்பவருக்குப் புழுவாக அகப்படும். காலை, மாலை இரண்டு வேளையும் பார்ப்பது நல்லது. ஒரு வேளைதான் முடியும் என்றால் மாலையை விடாதீர்கள்.

அடுத்தது தீனி. ஆரோக்கியமான முயல் இரண்டு வகையாகக் கழிக்கும். ஒன்று உருண்டையான உலர்ந்த புழுக்கை. இன்னொன்று பளபளப்பான, மென்மையான, கொத்தான புழுக்கை. அதை ஆசனவாயிலிருந்தே வாயில் எடுத்துத் தின்றுவிடும். கடைத் தீனி உருண்டையும் கேரட்டும் பழமும் அதிகமானால் இந்த மென்புழுக்கை மிஞ்சிப்போய்ப் பின்புறத்தில் அப்பிக்கொள்ளும். ஈக்கு அதுவே அழைப்பு. தீனியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் உலர்புல்லாக இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் ஓய்ந்துவிடும். நம் ஊரில் எரக்ராஸ்டிஸ், டெஃப் இரண்டும் பண்ணைக் கடைகளில் கட்டுக் கட்டாகக் கிடைக்கின்றன. வெளிநாட்டு டிமதிப் புல்லுக்குக் காசைக் கொட்ட வேண்டியதில்லை. லூசர்ன் எனப்படும் குதிரைமசாலை மட்டும் வளர்ந்த முயலுக்கு முதன்மைத் தீனியாக்காதீர்கள். அதில் கால்சியம் அதிகம். சில முயல்களுக்கு மூத்திரம் குழம்பாகி, தொடையெல்லாம் ஊறி, தோல் வெந்துபோகும்.

குண்டு முயல், மூட்டுவாதம் வந்த கிழட்டு முயல், பல் வளர்ந்து வாய் எட்டாத முயல், பின்கால் இழுத்துக்கொண்ட முயல், அங்கோரா, லயன்ஹெட் போன்ற நீள்மயிர் முயல்: இவற்றால் பின்புறத்தைத் தாமே சுத்தம் செய்ய முடியாது. உங்கள் முயல் இந்தப் பட்டியலில் இருந்தால், கீழே வரும் ஒப்பீட்டில் உங்கள் இடமே வேறு.

வழி ஒன்று: வீட்டுக்குள்

என் கணிப்பில் டர்பன் கடற்கரைக்கு இதுவே முதல் தேர்வு. நிழலும் குளிர்ச்சியும் இருக்கும், தரை உலர்ந்திருக்கும், முயல் கண்ணெதிரிலேயே இருக்கும். தீனியைத் தொடவில்லை என்பது அரை நாளில் தெரிந்துவிடும். வெளிக்கூண்டில் இருந்தால் மறுநாள்தான் தெரியும். புட்ஸி ஈயின் மணலுக்கும் முயலுக்கும் தொடர்பே இல்லாமல் போகும்.

நாற்றத்தைப் பற்றிய அம்மாவின் கவலை பொய்யில்லை. ஆனால் அதற்கு மருந்து உண்டு. முயல் தானாகவே ஒரு மூலையைத் தேர்ந்து மூத்திரம் பெய்யும். அந்த மூலையில் ஒரு தட்டை வைத்து, கீழே செய்தித்தாள், மேலே புல் போட்டால் சில நாட்களில் பழகிவிடும். தினமும் தட்டை மாற்றினால் வாடை வராது. தட்டில் படியும் வெள்ளைக் காரைக்கு வெள்ளை வினிகர் போதும். கருத்தடை செய்யாத ஆண் முயல் சுவரில் பீய்ச்சுவதையும், பெண் முயல் எல்லை குறிப்பதையும் அறுவைச் சிகிச்சை பெரும்பாலும் நிறுத்திவிடும். அந்தச் செலவையும் வீட்டுக்குள் வைக்கும் கணக்கில் சேர்க்க வேண்டும். பெண் முயலுக்கு அது கருப்பைப் புற்றுநோயிலிருந்தும் காப்பு என்பதால் எப்படியும் செய்ய வேண்டிய செலவுதான்.

ஒளிந்திருக்கும் செலவுகள் இன்னும் உண்டு. மின்கம்பிகளை முயல் கடிக்கும்; குழாய் போட்டு மறைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையும் கற்பூரமும் அதன் நுரையீரலுக்கு ஆகாது, பூஜை நேரத்தில் வேறு அறை தேவை. ஈ வந்தால் டூம் பூச்சிமருந்து அடிக்கும் பழக்கத்தை முயல் இருக்கும் அறையில் விட்டுவிட வேண்டும். இதையெல்லாம்விடப் பெரியது தவறான நிம்மதி. நம் வீட்டு ஜன்னல்களில் திருட்டுக்குப் பயந்து கம்பி இருக்கும், கொசுவலை இருக்காது. சமையலறையில் மீன் கழுவினால் அரை மணி நேரத்தில் பச்சை ஈ வீட்டுக்குள் சுற்றும். வீட்டுக்குள் வைத்த முயலுக்குப் புழு வைத்ததென்றால், பெரும்பாலும் "உள்ளேதானே இருக்கிறது" என்று யாரும் வாலைத் தூக்கிப் பார்க்காததுதான் காரணமாக இருக்கும். முயல் இருக்கும் அறையின் ஒரு ஜன்னலுக்காவது வலை அடித்துவிடுங்கள். செலவு குறைவு, பலன் அதிகம்.

வழி இரண்டு: வெளியே, வலை அடித்த கூண்டு

இடமில்லாத வீடு, ஒவ்வாமை உள்ள வீடு, நாய் உள்ள வீடு என்றால் இதுதான் வழி. ஒழுங்காகச் செய்தால் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் பெரும்பாலோர் அரைகுறையாகச் செய்கிறார்கள்.

கோழிவலை ஈயைத் தடுக்காது. அதன் கண்ணில் ஈ பறந்தே போகும். கொசுவலை ஈயைத் தடுக்கும், முயல் அதை ஒரே இரவில் கடித்துவிடும். எனவே இரண்டு அடுக்கு வேண்டும்: உள்ளே முயலின் பல்லுக்குத் தாங்கும் பற்றவைத்த கம்பிவலை, வெளியே விரலிடை விட்டு மெல்லிய ஈவலை. கடலோரத்தில் உப்புக் காற்றுக்குத் துத்தநாகம் பூசிய கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். அலுமினியமோ துருப்பிடிக்காத எஃகோ முதலில் விலை கூடினாலும் நிற்கும். கதவுதான் எப்போதும் பலவீனமான இடம். தீனி வைக்கக் கதவைத் திறக்கும் நேரத்தில் நுழையும் ஒரே ஒரு ஈ, நாள் முழுக்க வெளியே போக வழியில்லாமல் முயலோடு அடைபட்டுக் கிடக்கும். வலையே இல்லாத கூண்டைவிட அது மோசம். கதவுக்கு உள்பக்கம் ஒரு வலைத் திரையைத் தொங்கவிட்டால் இந்த ஆபத்து குறையும்.

வலையின் கண் சிறிதாக ஆக ஆகக் காற்றோட்டம் குறையும். தகரக் கூரையின் கீழே வலைக்கூண்டை வைப்பது சமைப்பதற்குச் சமம். மாமர நிழல், அல்லது மேலே நிழல்வலை, கூரைக்கும் கூண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி என்று ஏற்பாடு வேண்டும். மின்விசிறியை நம்பாதீர்கள். 2024 மார்ச்சுக்குப் பிறகு பத்து மாதம் லோட் ஷெட்டிங் எனப்படும் முறைவைத்த மின்வெட்டு இல்லை என்று எல்லோரும் மறந்திருந்தபோது 2025 ஜனவரி கடைசியில் அது மறுபடி வந்து நின்றது. அது இல்லாவிட்டாலும் கேபிள் திருட்டு இருக்கவே இருக்கிறது. குளிர்ப்பெட்டியில் உறைய வைத்த தண்ணீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வைப்பதற்கு மின்சாரம் வந்தபோதே தயாரித்துவிடலாம்.

டர்பனில் குரங்குத் தொல்லை வேறு. வெர்வெட் குரங்குக்கு முயல் வேண்டாம், அதன் தட்டிலுள்ள கேரட்தான் வேண்டும். அதற்காக வலையைக் கிழித்துவிட்டுப் போகும். கிழிந்த மூலையை அன்று மாலையே கவனிக்காவிட்டால் கொசுவலைக்குப் போட்ட காசு போச்சு. காய்கறியை வெளிக்கூண்டில் வைக்காமல், முயலைக் கையில் எடுத்துப் பார்க்கும் நேரத்தில் மட்டும் கொடுத்தால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும்: குரங்கும் வராது, தீனிக்காக முயலும் மடிக்கு ஓடிவரும்.

வலைக்கு இன்னொரு நியாயமும் உண்டு. 2022 கடைசியில் கரூ வறண்ட நிலப் பகுதியில் முயல் ரத்தக்கசிவு நோயின் இரண்டாம் வகை வைரஸ் இந்நாட்டில் கண்டறியப்பட்டது. காட்டு முயல்களும் வீட்டு முயல்களும் செத்தன. அந்த வைரஸைச் சுமந்து செல்வதில் ஈக்கும் பங்குண்டு. தடுப்பூசி பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஈயைத் தடுக்கும் வலை இந்த இரண்டு தொல்லையையும் குறைக்க உதவும்.

வழி மூன்று: மருந்து

இங்கேதான் ஆசையும் ஆபத்தும் சேர்ந்தே இருக்கின்றன. "ஒரு சொட்டு விட்டால் பத்து வாரம் கவலையில்லை" என்று இணையத்தில் படிப்பது பிரிட்டன்காரர்கள் எழுதியது. அங்கே ரியர்கார்ட் என்ற பெயரில் 6 சதவீத சைரோமசீன் திரவம் முயலுக்கென்றே விற்கிறது. பத்து வாரம் வரை காக்கும் என்பதும் சரிதான். ஆனால் அது ஈயை விரட்டாது, ஈயைக் கொல்லாது. முட்டையிலிருந்து வந்த புழு அடுத்த பருவத்துக்கு வளர முடியாமல் செய்யும், அவ்வளவுதான். ஏற்கெனவே வளர்ந்துவிட்ட புழுவின் மேல் அதற்குப் பெரிதாக வேலை இல்லை. காயமுள்ள தோலில் பூசவும் கூடாது.

அதே சைரோமசீன் ஆடுகளுக்கான மருந்தாகப் பண்ணைக் கூட்டுறவுக் கடையில் கிடைக்கிறதே என்று சிலர் யோசிக்கிறார்கள். ஆட்டுக்கான அடர்த்தியும் கரைப்பானும் முயலுக்கு ஏற்றவையா என்பதை மருத்துவர் சொல்லாமல் ஒரு சொட்டும் வேண்டாம். ஆட்டைக் குளிப்பாட்டும் பூச்சிமருந்துக் கரைசல் பக்கமே போகாதீர்கள்.

நாய்க்கும் பூனைக்கும் கழுத்தில் விடும் உண்ணி மருந்தை முயலுக்கும் விடுவது அதைவிட ஆபத்து. ஃபிப்ரோனில் உள்ள மருந்து முயலைக் கொல்லும். ஃப்ரன்ட்லைன் பெட்டியில் அந்தப் பெயர்தான் இருக்கிறது. கடையில் நிற்கும் பையன் "எல்லாப் பிராணிக்கும் ஒன்றுதான், அங்கிள்" என்று சொன்னாலும் பெட்டியைத் திருப்பி மூலப்பொருளைப் படியுங்கள்.

காயத்தில் ஈ உட்காராமல் இருக்க மருத்துவர்கள் தரும் பூச்சிகொல்லி கலந்த தெளிப்பான்கள் உண்டு; பலவற்றில் இருப்பது சைபர்மெத்ரின். வீட்டில் பூனை இருந்தால் இதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அது பூனைக்கு விஷம். ஐவர்மெக்டின் புழுவைக் கொல்லும். ஆனால் அது புழு வைத்த பிறகு மருத்துவர் கையாளும் சிகிச்சை. வாராவாரம் முன்னெச்சரிக்கையாகக் கொடுக்கும் பண்டம் அல்ல.

மருந்துக்கு நியாயமான இடம் ஒன்று இருக்கிறது. பின்கால் விளங்காத முயல், நாள்பட்ட மூத்திர ஒழுக்கு உள்ள முயல், அறுவைச் சிகிச்சைப் புண் ஆறும்வரை உள்ள காலம்: இவற்றுக்கு வலையும் பரிசோதனையும் மட்டும் போதாமல் போகலாம். அப்போது மருத்துவரைக் கேட்டு மருந்தும் சேர்க்கலாம். ஆரோக்கியமான, ஒல்லியான, உலர்ந்த பின்புறமுள்ள இளம் முயலுக்கு மருந்துக்காகச் செலவழிக்கும் பணத்தில் ஒரு கட்டு எரக்ராஸ்டிஸ் வாங்குங்கள்.

வழி நான்கு: பொறியும் எண்ணெயும்

தண்ணீர் ஊற்றித் தொங்கவிடும் ஈப்பிடிப் பைகள் மலிவு. நிறைய ஈ விழும். ஆனால் அவை வாடை காட்டி ஈயை இழுப்பவை. கூண்டுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால் அடுத்த வீட்டு ஈயையும் விருந்துக்குக் கூப்பிட்டதாகும். தோட்டத்தின் கடைக்கோடியில், காற்று கூண்டிலிருந்து விலகி அடிக்கும் பக்கமாகக் கட்டுங்கள். ஈக்கு வைக்கும் விஷக் குருணையை முயல் உள்ள வீட்டில் வாங்கவே வேண்டாம்.

எண்ணெய் வைத்தியம் நம்மவர்களுக்குப் பிடித்தது. வேப்பெண்ணெய்க்கும் சிட்ரொனெல்லாவுக்கும் ஈயைச் சற்று நேரம் விலக்கும் குணம் உண்டு. முயல் தன்னை நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி என்பதால் பூசியதில் பாதி வயிற்றுக்குள் போகும். மீதி மயிரைப் பிசுபிசுப்பாக்கி அழுக்கை ஒட்டவைக்கும். மஞ்சள் அரைத்துப் பூசினாலும் இதே கதை: ஈரம். கடைசியில் எதைத் தவிர்க்க நினைத்தோமோ அதையே செய்கிறோம். வேப்பிலை என்று நினைத்துத் தெருவோரச் சிரிங்கா மரத்துக் கிளையை ஒடித்துக் கூண்டில் சொருகுவதும் நடக்கிறது. அது மலைவேம்பு, அதன் காய் விஷம். முயல் கொறிக்கும் இடத்தில் அதற்கு வேலை இல்லை.

இதே காசையும் நேரத்தையும் குப்பைத் தொட்டிக்குச் செலவிடலாம். மூடி இறுக்கமான தொட்டி, நாய் மலத்தைத் தினமும் அள்ளுவது, பிராய் (தணலில் இறைச்சி சுடும் விருந்து) முடிந்ததும் எலும்பை உறையில் கட்டுவது, ஜூன், ஜூலையில் சார்டின் மீன் வரும்போது தலைகளைத் தொட்டியில் போடாமல் குப்பை வண்டி வரும் நாள்வரை குளிர்ப்பெட்டியில் உறைய வைப்பது. குளிர்காலத்தில் ஈ இல்லை என்ற எண்ணம் டர்பனில் செல்லாது. உறைபனியே விழாத ஊர் அது.

ஒரே பார்வையில்

| | வீட்டுக்குள் | வலைக்கூண்டு | மருந்து | பொறி, எண்ணெய் |
|---|---|---|---|---|
| பின்புறம் உலர்வாக இருக்க | உதவும் | தட்டு தினமும் மாற்றினால் உதவும் | உதவாது | எண்ணெய் கெடுக்கும் |
| தினமும் பார்க்க வசதி | மிக அதிகம் | மழை நாளில் தவறும் | தொடர்பில்லை | தொடர்பில்லை |
| வெப்பம் | குறையும் | நிழல் இல்லையேல் கூடும் | மாற்றமில்லை | மாற்றமில்லை |
| ஒரு நாள் தவறினால் | ஓரளவு தாங்கும் | கதவைப் பொறுத்தது | மருந்தின் வீரியம் உள்ளவரை தாங்கும் | தாங்காது |
| ஒளிந்த செலவு | கருத்தடை, கம்பி மறைப்பு, ஜன்னல் வலை | துரு, குரங்கு, நிழல் | மருத்துவர் கட்டணம், பூனைக்கு ஆபத்து | கூடுதல் ஈ |

யாருக்கு எது

சாட்ஸ்வொர்த் வீட்டுக்கு: மகள் சொல்வதே சரி, ஆனால் தட்டைத் தினமும் மாற்றுவது மகளின் பொறுப்பு என்ற ஒப்பந்தத்தோடு. அம்மா கடைசிவரை இணங்கவில்லை என்றால் பின்வாசல் வராந்தாவை மூன்று பக்கமும் ஈவலை அடித்து அறையாக்கலாம்; நின்றுகொண்டே உள்ளே போகும் அளவுக்குக் கதவு இருந்தால் பரிசோதனையும் தவறாது. நடுவழியாக இது பல வீடுகளுக்குப் பொருந்தும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் தம்பிக்கு: முதலில் வலை. அந்த ஊர் பள்ளத்தாக்கில் இருப்பதால் வெக்கை தேங்கும். நிழலுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கணவன், மனைவி இருவரும் காலை 6 மணிக்கு வேலைக்குக் கிளம்பி இரவு திரும்பும் வீடு என்றால், வெளிக்கூண்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். பகல் வெளிச்சத்தில் முயலைப் பார்க்க வீட்டில் ஒருவரும் இல்லாதபோது வலை கிழிந்ததும் தெரியாது, முட்டையும் தெரியாது. உள்ளே வைத்து, வந்தவுடன் கைவிளக்கை அடித்துப் பாருங்கள்.

லெனேஷியாத் தாத்தாவுக்கு: தொல்லை குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. ஜோஹன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரம்; குளிர்கால உறைபனி ஈக்களை அடக்கிவைக்கும். அக்டோபரில் இடியோடு மழை தொடங்கியதும் நிலைமை மாறும். பிற்பகல் மழையில் நனைந்த கூண்டும் மறுநாள் வெயிலும் சேர்ந்தால் ஈக்குக் கொண்டாட்டம். அங்கே நல்ல கூரையுள்ள வலைக்கூண்டு போதும். முயலைத் தூக்கிப் பார்க்கும் வேலையைப் பேரனிடம் மட்டும் விடாதீர்கள் தாத்தா. பத்து வயதுப் பிள்ளைக்கு விடுமுறை வந்தால் முயல் மறந்துபோகும்.

நீள்மயிர் முயலோ நோயாளி முயலோ எந்த ஊரில் இருந்தாலும் வீட்டுக்குள்தான். வெயில் தொடங்குமுன் பின்புற மயிரைக் குட்டையாகக் கத்தரித்துவிட்டு, மருந்து தேவையா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

புழுவே கண்ணில் பட்டுவிட்டால்

அதற்கு மேல் ஒப்பீடு இல்லை. மருத்துவரைக் கூப்பிட்டுவிட்டு வண்டியில் ஏறுங்கள். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முயலைத் தண்ணீரில் முக்கிக் குளிப்பாட்டாதீர்கள்: அதிர்ச்சி கூடும், நனைந்த மயிரைக் கத்தரிப்பது மருத்துவருக்குக் கஷ்டமாகும். வெளியே தெரியும் புழுக்களைச் சாமணத்தால் எடுக்கலாம். உள்ளே இறங்கியவற்றைத் தோண்ட வேண்டாம். உலர்ந்த துண்டில் சுற்றி, இருட்டான பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள்.

எல்லா மருத்துவரும் முயலைப் பார்ப்பதில்லை. நாய், பூனைக்கு மட்டுமே பழகியவர்கள் அதிகம். இரவு நேரக் கட்டணமும் கணிசமாக இருக்கும். பிரிட்டோரியா, லாடியம் பக்கம் இருப்பவர்களுக்கு ஒண்டர்ஸ்டெபூர்ட்டில் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. மற்றவர்கள் செப்டம்பருக்கு முன்பே பக்கத்திலுள்ள இரண்டு மூன்று மருத்துவமனைகளுக்குப் போன் செய்து, "முயலுக்குப் புழு வைத்தால் ராத்திரியில் பார்ப்பீர்களா?" என்று நேராகக் கேட்டு, ஆம் என்றவரின் எண்ணைக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள்.